விடிகாலையில் மட்டும் பொய் சொன்ன சென்சார்

மன்னார்குடி பக்கம் எங்கள் வயலுக்கு ஒரு நீர்மட்ட சென்சாரை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். நாலு போர்டு வீணாய்ப் போய், ஐந்தாவதுதான் உருப்பட்டது. எங்களுடையது கடைமடை. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் இங்கே தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், மற்ற நாளில் போர்வெல்தான் கதி. அதனால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வைக்கிறோம். துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். தினமும் போய் எட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டுத்தான் இந்த வேலை.

செம்புப் போர்டில் இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்த மாதிரி, ஆனால் ஒன்றையொன்று தொடாமல், இரண்டு தடங்கள். இது ஒரு கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம், எவ்வளவு சேர்க்கும் என்பதுதான் கெபாசிட்டன்ஸ். நடுவே இருக்கும் பொருள் அதை எத்தனை மடங்காக்கும் என்பது மின்காப்பு மாறிலி. காற்றுக்கு அது 1, தண்ணீருக்கோ ஏறக்குறைய 80, ஆகவே போர்டு முங்க முங்கக் கெபாசிட்டன்ஸ் ஏறும். 555 என்கிற டைமர் ஐசி அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக நிரப்பும், சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் வடிய விடும், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பும். இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு எத்தனை தடவை என்று எண்ணினால் போதும், தண்ணீர் ஏறினால் எண்ணிக்கை குறையும்.

தடங்களின் படத்தைத் தாளில் பிரின்ட் எடுத்து, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துச் செம்பில் ஒட்டவைத்து, படம் மூடாத செம்பை ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் கரைப்பதுதான் போர்டு செய்யும் முறை. முதல் போர்டு இங்க்ஜெட் பிரின்டால் போனது. இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டுவது டோனர் என்கிற பிளாஸ்டிக் தூள், அது லேசர் பிரின்டிலும் ஜெராக்ஸ் கடையிலும்தான் உண்டு. இரண்டாவதில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்ப மறந்தேன், ஐசியைக் குப்புறப் போட்டால்தான் கால் பொருந்தும் என்ற நிலை.

மூன்றாவதில் தடங்களுக்கு நடுவே மல்டிமீட்டர் பீப் அடித்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு பற்களுக்கு இடையே மயிரிழை போலச் செம்பு கரையாமல் நிற்கிறது. ஒரு செம்பு அணுவைக் கரைக்க ஃபெர்ரிக் குளோரைடு இரண்டு மூலக்கூறு செலவாகும். நானோ பழைய கரைசலை அசைக்காமல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன், போர்டிலும் விரல் எண்ணெய். (தீர்ந்த கரைசலில் செம்பு இருக்கும், அதை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள்.)

நாலாவதுதான் ஆளைப் படுத்தியது. மத்தியானம் சரியாகக் காட்டும், விடிகாலையில் குழாய் நிறையத் தண்ணீர் என்று காட்டும். "என்னடா தம்பி, பூமி வெடிச்சுக் கெடக்கு, ஒன் மிஷின் தண்ணி ததும்புதுங்குது?" என்றார் சித்தப்பா. கழற்றி வந்து மேஜையில் வைத்தால் ஒரு குறையும் இல்லை. சந்தேகப்பட்டு ஐசி கால்கள் பக்கம் வாயால் 'ஹா' என்று ஊதினேன். எண்ணிக்கை சட்டென்று சுழி. ஃபேன் காற்றில் அரை நிமிஷம், மறுபடி உயிர் வந்தது.

சீப்புக்கு மட்டும் வார்னிஷ் அடித்து, ஐசி இருக்கும் பகுதி தண்ணீருக்கு மேலேதானே என்று சும்மா விட்டிருந்தேன். அங்கே கால்களைப் பற்றவைக்கத் தடவிய சால்டர் பேஸ்ட்டின் கசடு. அது பனி ஈரத்தை இழுத்து, கால்களுக்கு நடுவே மின்சாரம் கசிய வழி விட்டது. என் ரெசிஸ்டர் மொத்தம் 1 மெகாஓம். கசிவுப் பாதையின் தடை அதைப்போல் இரண்டு மடங்குக்கு, அதாவது 2 மெகாஓமுக்குக் கீழே போனால், கெபாசிட்டர் எவ்வளவு நேரமானாலும் மூன்றில் இரண்டு பங்கை எட்டவே எட்டாது. ஆட்டம் நின்றுவிடும். எண்ணிக்கை குறைந்தால் தண்ணீர் அதிகம் என்று எழுதியிருந்த என் புரோகிராம், சுழியைப் பார்த்ததும் வெள்ளம் என்றது. தண்ணீரை அளக்க வைத்த போர்டு தன் மேல் படிந்த ஈரத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறது.

ஐந்தாவதில் பழைய பல் பிரஷ்ஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கொண்டு கசடைத் தேய்த்தேன். முழுப் போர்டுக்கும் இரண்டு கோட் வார்னிஷ், வெட்டிய ஓரங்களுக்கு நெயில் பாலிஷ், ஏனென்றால் கண்ணாடி இழை அந்த ஓரத்தில்தான் தண்ணீரை உறிஞ்சும். ரெசிஸ்டரை 100 கிலோஓமாகக் குறைத்தேன். இப்போது தடை 200 கிலோஓமுக்குக் கீழே இறங்கினால்தான் ஆட்டம் நிற்கும். ஊதிப் பார்த்தேன், அசையவில்லை.

அப்புறம் ஒருநாள் ரீடிங் காரணமில்லாமல் குதித்தது. குழாய்க்குள் நண்டு. மேலே கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன்.