1981 ஜூன் 1: ஜப்பானில் பழைய ஃபிளாட் வாங்குவோர் பார்க்கும் தேதி

கோபேயிலோ ஒசாகாவிலோ பழைய ஃபிளாட் வாங்குபவர்கள் விலையோடு ஒரு தேதியையும் விசாரிப்பார்கள். 1981 ஜூன் 1. ஜப்பானின் புதிய நிலநடுக்க விதி நடைமுறைக்கு வந்த நாள் அது. 1978 மியாகி நிலநடுக்கத்தின் சேதம் அந்த மாற்றத்துக்கு வேகம் கொடுத்தது.

பழைய விதிப்படி, கட்டடத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினால் தாங்க வேண்டும். அதற்கு மேல் தள்ளினால்? அந்தக் கணக்கே கிடையாது. புதிய விதி அதைத்தான் கேட்டது. பெரிய நிலநடுக்கத்தில் கட்டடம் விரிசல் விடலாம், பிறகு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போகலாம். ஆனால் உள்ளே இருப்பவர்கள் மேல் விழக் கூடாது.

விழாமல் காப்பதில் பெரும்பங்கு தூணில் நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளுக்கு. கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். பக்கவாட்டில் ஆட்டும்போது தூணில் பெருக்கல் குறி போலச் சாய்ந்த விரிசல்கள் ஓடும். ரிங் நெருக்கமாக இருந்தால் நொறுங்கிய கான்கிரீட்டும் உதிராது, கம்பிகளும் பிதுங்காது. தூண் வளைந்து வளைந்தே அதிர்வின் ஆற்றலைச் செலவழித்துவிடும். 1968 தொகாச்சி நிலநடுக்கத்தில் தூண்கள் ஒடிந்த பிறகு, 1971-இல் ரிங் இடைவெளி 30 செ.மீ.யிலிருந்து தூணின் முனைகளில் 10 செ.மீ. ஆனது. எனவே 1981-க்கு முந்தைய கட்டடங்களை ஒரே தட்டில் வைக்க முடியாது.

1995-இல் கோபே குலுங்கியபோது, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் விட்ட கட்டடங்கள் பல அந்தத் தளத்திலேயே நசுங்கின. மேல்தளங்கள் விறைப்பாக இருக்க, ஆட்டம் முழுவதும் கீழே குவிந்துவிட்டது. சுவர்களே பாரம் தாங்கும் ஐந்து மாடிக்குட்பட்ட பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. அழகில்லாத பெட்டிகள்தான், ஆனால் எனக்கு அவற்றின் மேல் தனி மரியாதை உண்டு.

தேதியிலும் ஒரு சிக்கல். கணக்கில் வருவது கட்டி முடித்த நாள் அல்ல, வரைபடத்துக்கு அனுமதி கிடைத்த நாள். பெரிய அடுக்குமாடி எழும்ப ஒரு வருடத்துக்கு மேலாகும். அதனால் 1982-இல் முடிந்தது பழைய விதிப்படி கட்டியதாகவும் இருக்கலாம். அனுமதி விவரத்தை நகராட்சிப் பதிவேட்டிலிருந்து சான்றாக வாங்கலாம்.

பழைய கட்டடத்தையும் சோதித்து வலுப்படுத்தலாம். நிலநடுக்கத்தைக் கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐஎஸ் (Is) என்ற குறியீடு 0.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் இடியும் அபாயம் குறைவு என்று கொள்கிறார்கள். ஆனால் தூண்கள் பொதுச்சொத்து. ஃபிளாட் வாங்கியவர் தனியாக அவற்றில் கைவைக்க முடியாது. உரிமையாளர் சங்கம் கூடி முடிவெடுக்க வேண்டும், பழுதுநிதியில் பணமும் வேண்டும். அதனால் முன்பணம் கட்டும் முன் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் நிதிக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.