இரும்பை அறுக்க எந்த ரம்பம், எந்த பிளேடு?

வெல்டிங் பட்டறையில் கட்டிங் வீல் போட்டு அறுத்த எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதாரண எஃகு) பைப்பின் வாயைப் பாருங்கள். ஓரம் நீலம் பாய்ந்திருக்கும், பிசிறு தொங்கும். எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் அந்த நீலம் வரும். அதே பைப்பை கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பத்தில் அறுத்தால் வாய் பளபளவென்று இருக்கும், பிசிறும் குறைவு. சூடு எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கட்டிங் வீல் என்பது கடினமான துகள்களை ஒட்டிச் செய்த பல் இல்லாத வட்டு. அது உண்மையில் தேய்க்கிறது. அதன் ஒவ்வொரு துகளும் இரும்பைத் துளித்துளியாகச் சுரண்டுவதால் வேகம் ஏகத்துக்கும் வேண்டும். 14 அங்குல வீல் நிமிடத்துக்கு 3,800 சுற்று ஓடும்போது விளிம்பு நொடிக்கு 70 மீட்டர் பாய்கிறது. அந்த உரசலின் சூடு பைப்பில் ஏறுகிறது. பல் வைத்த பிளேடோ இரும்பைச் சீவி எடுக்கிறது. சூட்டின் பெரும்பகுதி சீவலோடு வெளியே போய்விடும். அதனால் தெறிக்கும் சீவல் சுடும். முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் கட்டாயம்.

ஆனால் சீவுவதற்கு வேகம் குறைவாக இருக்க வேண்டும். மரம் அறுக்கும் 7¼ அங்குல ரம்பம் 5,500 சுற்று வரை ஓடும். விளிம்பு வேகம் நொடிக்கு 50 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் எஃகில் இறக்கினால் பல்லின் முனை தாங்காது. டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் பிடித்துவைத்திருப்பதுதான் அந்த முனை. மிகக் கடினம், ஆனால் சட்டென்று நொறுங்கும். அதே அளவில் இரும்புக்கென்றே வரும் ரம்பங்கள் 3,500 முதல் 4,000 சுற்றுதான் ஓடும். 14 அங்குல டிரை கட் மெஷின் (தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாமல் பல் பிளேடால் இரும்பை அறுப்பது) சுமார் 1,300 சுற்று. ஆகவே மர ரம்பத்தில் பிளேடை மட்டும் மாற்றினால் போதாது. முதலில் மெஷினைப் பாருங்கள், அப்புறம் பிளேடு.

பிளேடில் பார்க்க வேண்டியது பல் எண்ணிக்கை. 7¼ அங்குல பிளேடில் 40 பல் இருந்தால் பல்லுக்குப் பல் 14 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. 2 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பல் வெளியேறிய பிறகுதான் அடுத்தது வந்து மோதும். ரம்பம் அதிரும், முனை உடையும். மெல்லிய தகட்டுக்கு 60, 70 பல் நல்லது. தடித்த இரும்பில் நிலைமை தலைகீழ்: பல் நெருக்கமானால் சீவல் தங்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டு, பல் சீவாமல் உரசும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது இன்னும் மோசம். உரசிய இடம் இறுகிப் போய், அடுத்த பல்லுக்கு இன்னும் கடினமான பரப்பு கிடைக்கிறது. தயங்காமல், ஒரே சீராக அழுத்த வேண்டும்.

அலுமினியம் வேறு ரகம். வேகத்தைத் தாங்கும், ஆனால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கமாகச் சாய்ந்த பல் உள்ள அலுமினிய பிளேடு வாங்கி, மெழுகு தடவி அறுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பல் வைத்த பிளேடை 4 அங்குல கிரைண்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். அது 11,000 சுற்று ஓடும். பல் ஒருமுறை சிக்கினால் மெஷின் கையை மீறித் துள்ளும்.

சரி, டிரை கட் மெஷினில் எல்-ஆங்கிளை (L வடிவ இரும்புப் பட்டையை) எப்படி வைப்பது? மூலை மேலே வரும்படி, கூரை போலக் கவிழ்த்து இறுக்குங்கள். படுத்த பக்கம் முழுவதும் ஒரேயடியாகப் பல்லுக்கு அடியில் வராது.