வெள்ளிக்கிழமைப் புளி

பழைய உலோகச் சிலைகளைப் பராமரிப்பது என் வேலை. கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பாட்டி முக்கால் அடி உயர அம்மன் சிலையைக் கொண்டுவந்தார். "மகாலட்சுமிப்பா. மூணு தலைமுறையா வெள்ளிக்கிழமை தவறாம புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சுடுவோம்" என்றார். பளபளப்புக்குக் குறைவில்லை. மூக்கும் புருவமும்தான் மழுங்கிவிட்டன.

புளி கறுப்போடு சேர்த்துச் செம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். உப்பு அதைவிட மோசம். இடுக்கில் தங்கும் உப்பின் குளோரைடு, ஈரம் பட்டதும் உலோகத்தை உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கும். நமக்கோ கடற்காற்றிலேயே உப்பும் ஈரமும் உண்டு. பாட்டியின் சிலையில் பாதத்தின் மடிப்பில் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தது. தட்டினால் உதிரும், சில நாளில் மறுபடி பூக்கும். காலப்போக்கில் இறுகிப் படியும் கரும்பச்சை வேறு. அது சிலைக்குத் தோல் மாதிரி, உரிக்கக் கூடாது.

அப்புறம், தேய்ந்துபோவது அழகு மட்டுமா? எந்தத் தெய்வம் என்ற அடையாளமும்தான். பெருமாளின் வலப்பக்கம் நிற்கும் ஸ்ரீதேவிக்கு மார்பில் கச்சு உண்டு. இடப்பக்கத்துப் பூதேவிக்குக் கிடையாது. இருவருமே பெருமாளுக்கு அருகிலுள்ள கையில் பூப்பிடித்து, மறுகையைத் தொங்கவிட்டிருப்பார்கள். சிதம்பரத்தில் நடராசருக்கு இடப்பக்கம் நிற்கும் சிவகாமிக்கும் அதனால்தான் வலக்கையில் பூ. சுவாமி பக்கம் இருக்கிற கை நமக்காகப் பேசும் கை என்று எனக்குத் தோன்றும். குறையை முதலில் தாயாரிடம் சொல், அவர் பெருமாளிடம் எடுத்துச் சொல்வார் என்பது வைணவ மரபு, புருஷகாரம் என்பார்கள்.

பாட்டியின் சிலையில் கச்சு இருந்த தடமே இல்லை. ஆனால் வளைந்த விரல்கள் இடக்கையில் மிஞ்சியிருந்தன. ஸ்ரீதேவிதான். பாட்டி சொன்னது சரி.

வீட்டுச் சிலைக்கு உலர்ந்த பருத்தித் துணி போதும். அபிஷேகம் செய்தால் உடனே நல்ல தண்ணீர் விட்டு, இடுக்குவரை ஈரம் போகத் துடைத்துவிட்டு வஸ்திரம் சாத்துங்கள். வெளிர்பச்சைத் தூளைக் கண்டால் சுரண்டாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். முன்னும் பின்னும் பீடமும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். திருடுபோன கோயில் சிலைகளை அடையாளம் காட்ட, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்துவைத்த பழைய படங்கள்தான் பலமுறை கைகொடுத்தன.

"அப்போ வெள்ளிக்கிழமை என்னப்பா பண்றது?" என்றார் பாட்டி.

விரல்களுக்கு நடுவே இருந்த சின்னத் துளையைக் காட்டினேன். "பூ வைங்க பாட்டி. அதுக்குத்தான் விட்டிருக்காங்க."