மூக்கு ஒரு திசை, பாதை ஒரு திசை: பக்கக்காற்றில் விமானம் இறங்கும் விதம்

பலத்த காற்று வீசும் நாளில், ஓடுபாதையின் முனைக்கு நேரே நின்று இறங்கிவரும் விமானத்தைப் பார்த்தால் மனம் பதறும். ஓடுபாதை நேராகக் கிடக்கிறது. விமானமோ மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கோணலாக வருகிறது. விமானியின் கையை மீறிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கோணலைப் பிடித்து வைத்திருப்பதே விமானிதான். அதை விட்டால்தான் விமானம் ஓடுபாதையிலிருந்து விலகிப் போகும்.

ஆற்றைக் கடக்கும் படகோட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கரைப் படித்துறைக்குப் போக வேண்டுமானால், அவர் படகின் முனையை நேராக அந்தத் துறைக்கு வைக்கமாட்டார். நீர் வரும் பக்கம் சற்றுத் திருப்பி வைத்துத்தான் துடுப்புப் போடுவார். விமானத்துக்குக் காற்றுதான் ஆறு. 140 நாட் வேகத்தில் இறங்கும் விமானத்தை வலப்பக்கமிருந்து 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) காற்று தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூக்கை வலப்பக்கம் சுமார் 10 டிகிரி திருப்பினால், விமானம் நடுக்கோட்டின் மீதே வந்துகொண்டிருக்கும். நண்டு நடப்பதுபோல இருப்பதால் விமானிகள் இதை ‘கிராப்’ என்கிறார்கள்.

காற்றில் இருக்கும்வரை இந்தக் கோணலால் ஒரு தொந்தரவும் இல்லை. சக்கரம் தரையைத் தொடும்போதுதான் சிக்கல். சக்கரங்கள் மூக்கு பார்க்கும் திசையில்தான் உருளும். அறுபது டன் எடை கோணலாக இறங்கினால் டயர்கள் பக்கவாட்டில் தேயும், சக்கரக் கால்கள் முறுக்கப்படும்.

அதனால் தரைக்குச் சில மீட்டர் உயரத்தில் விமானி இடது காலால் ரட்டர் பெடலை அழுத்துவார். வால் பக்கத்துச் சுக்கான் திரும்பி, மூக்கு நடுக்கோட்டுக்கு நேராக வரும். இந்தக் கலையின் அருமையே இந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. மூக்கு இடப்பக்கம் திரும்பும்போது வலது இறக்கை முன்னால் வீசப்படுகிறது. ஒரு கணம் அது இடது இறக்கையைவிட வேகமாகக் காற்றைக் கிழிப்பதால் தூக்குவிசையும் அங்கே கூடுகிறது. போதாக்குறைக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளில் காற்று வரும் பக்கத்து இறக்கைக்கே தூக்குவிசை அதிகம். இரண்டும் சேர்ந்து வலது இறக்கை எழும்பப் பார்க்கும். எனவே கால் இடப்பக்கம் அழுத்தும் அதே நேரத்தில் கை கட்டுப்பாட்டுப் பிடியை வலப்பக்கம் திருப்பி, அந்த இறக்கையை அடக்கி வைக்க வேண்டும். இதைச் சீக்கிரமே செய்துவிட்டால் காற்று விமானத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். தாமதித்தால் சக்கரம் கோணலாகத் தொடும்.

சிறிய விமானங்களுக்கு இன்னொரு வழி உண்டு. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரால் மூக்கை நேராக்கி, அப்படிச் சாய்ந்தபடியே வந்து அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் வைப்பது. செஸ்னா 172 ஓட்டக் கற்பவர்கள் இதைப் பழகுகிறார்கள். போயிங் 747 போன்றவற்றில் அவ்வளவு சாய்க்க முடியாது, இறக்கைக்கடியில் தொங்கும் எஞ்சின் தரையில் உரசிவிடும். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்துக்கு முற்றிலும் வேறு தீர்வு: அதன் சக்கரங்களையே 20 டிகிரி வரை திருப்பி வைக்கலாம். மூக்கு கோணலாகவே இருக்க, சக்கரங்கள் மட்டும் ஓடுபாதையோடு நேராக உருளும். கோணலை நீக்க வேண்டிய தேவையே இல்லை!

சரி, எவ்வளவு காற்றில் இறங்கலாம்? காற்றின் மொத்த வேகம் அல்ல, அதில் குறுக்கே தள்ளும் பங்குதான் கணக்கு. காற்றுக்கும் ஓடுபாதைக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் மதிப்பால் வேகத்தைப் பெருக்கினால் அது கிடைக்கும்.

இந்தக் கணக்கின் கனம் 2008 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தெரிந்தது. எம்மா என்ற புயல் வீசிய நாள். ஓர் ஏர்பஸ் 320 விமானம் 23ஆம் ஓடுபாதையில் இறங்க வந்தது. ஓடுபாதையின் எண்ணைப் பத்தால் பெருக்கினால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும் அதன் திசை ஏறக்குறையக் கிடைக்கும்: 230 டிகிரி. காற்று 300 டிகிரி திசையிலிருந்து 33 நாட், திடீர் வீச்சுகளில் 47 நாட். இடையில் 70 டிகிரி. சைன் 70 ஏறக்குறைய 0.94 என்பதால் குறுக்கே தள்ளியது 44 நாட் வரை. அந்த வகை விமானம் சோதனைகளில் இறங்கிக் காட்டியிருந்தது, வீச்சையும் சேர்த்து 38 நாட்.

காற்று வந்தது வலப்பக்கமிருந்து. இடது சக்கரம் தொட்டதுமே விமானத்தின் கணினி, தரைக்கு வந்தாயிற்று என்று எடுத்துக்கொண்டு, இறக்கைகளைச் சாய்க்கும் விசையைக் குறைத்துவிட்டது. ஆனால் விமானம் இன்னும் பறந்துகொண்டுதான் இருந்தது. வலது இறக்கை எழும்ப, இடது இறக்கையின் நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் உடனே முழு விசை கொடுத்து மேலே ஏறினார்கள். பின்னர் நடந்த விசாரணையில், கணினியின் இந்தப் போக்கோடு, ‘சோதனையில் காட்டிய அளவு’ என்பது கடக்கக்கூடாத எல்லையா இல்லையா என்பது விமானிகளுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதும் வெளிவந்தது.

மேலே ஏறியவர்கள் சுற்றிவந்து 33ஆம் ஓடுபாதையில் இறங்கினார்கள். 300 டிகிரிக் காற்றுக்கும் அதற்கும் இடையே 30 டிகிரிதான். சைன் 30 சரியாக அரை; அதே 47 நாட் வீச்சு வந்தாலும் குறுக்கே தள்ளுவது 24 நாட்டுக்குள் அடங்கிவிடும். யாருக்கும் காயமில்லை.