பருத்திப்பால் மேல பழி போடாதீங்க

இந்த மாசத்துல இவர் நாலாவது ஆள். யூரின் கல்ச்சர்ல ஈ.கோலைங்கற பாக்டீரியா, ஆம்பிசிலின், செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோன்னு ஆன்டிபயாட்டிக் எல்லாத்துக்கும் நேரா 'ஆர்', அதாவது மருந்து கேக்காது. மதுரைக்காரர். "எல்லாம் அந்த மரபணு மாத்தின பிடி பருத்தியால டாக்டர், அதுல இருக்கற மருந்தை எதிர்க்கிற ஜீன் பருத்திப்பால் வழியா நம்ம குடல் பாக்டீரியாவுக்குப் போயிடுதாம், வாட்ஸப்ல வந்துச்சு, பருத்திப்பாலையே விட்டுட்டேன்"ங்கறார். மஞ்சப்பையில எட்டிப் பாத்தா மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்கின சிப்ரோ அட்டை, ரெண்டு போட்டிருக்கு, மிச்சம் அப்படியே இருக்கு. எனக்கு எப்படி இருக்கும்?

அந்த மெசேஜ்ல பாதி உண்மை, அதான் வில்லங்கமே. 2002ல இங்க அனுமதிச்ச பிடி பருத்தியில கனமைசின், ஸ்ட்ரெப்டோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்க்கிற மார்க்கர் ஜீன், அதாவது புது ஜீன் ஏறிடுச்சான்னு கண்டுபிடிக்க வெக்கற அடையாள ஜீன், இருக்கறது நிஜம்தான். ஆனா அதை எங்கருந்து எடுத்தாங்க? பாக்டீரியாகிட்டருந்துதான்யா! அது ஏற்கனவே மண்ணுல, சாக்கடையில, நம்ம குடல்ல எல்லாம் இருக்கு, பாக்டீரியாவுங்க பிளாஸ்மிட்ங்கற குட்டி டிஎன்ஏ வளையத்துல வெச்சு ஒண்ணுக்கொண்ணு கைமாத்து குடுத்துக்கிட்டே இருக்குங்க, இதுல செடிகிட்ட போய் எதுக்குக் கடன் வாங்கணும்? அதுவும் போக உங்க ரிப்போர்ட்ல அடிவாங்கினது ஆம்பிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும் சிப்ரோவும், பருத்தியில இருக்கற ஜீன் அந்த மூணையும் தொடவே தொடாது.

பருத்தி விதையை ஊறவெச்சு அரைச்சு வெல்லம் சுக்கு போட்டுக் கொதிக்க வெச்ச பால்ல டிஎன்ஏ உடைஞ்சு போகாம தப்பிக்கணும், வயித்து ஆசிட்லயும் தப்பிக்கணும், ஒரு பாக்டீரியா அதை உள்ள இழுக்கணும், அதோட டிஎன்ஏல ஒத்துப்போற இடம் பாத்து ஒட்டணும், அப்புறம் அதே மருந்து அங்க இருந்தாதான் அது மத்ததை முந்திப் பெருகும். ரிஸ்க் பாக்கறவங்க இதை ஒவ்வொண்ணா பாக்கறாங்க. 2004ல பிரிட்டன்ல மரபணு மாத்தின சோயா குடுத்துப் பாத்தாங்க, முழுக் குடல் இருந்தவங்க மலத்துல சோயாவுல சேத்த ஜீன் சிக்கல, பெருங்குடல் எடுத்து வயித்துல பை வெச்சிருந்த 7 பேர்ல 3 பேரோட பாக்டீரியாவுல மட்டும் லேசா தடயம், அதுவும் அந்தச் சாப்பாடு குடுக்கறதுக்கு முன்னாடியே இருந்தது.

கம்பெனிக்கு வக்காலத்து வாங்கறேன்னு நினைக்காதீங்க. பிடி 176ங்கற மரபணு மாத்தின மக்காச்சோளத்துல ஆம்பிசிலினை எதிர்க்கிற ஜீனை விட்டுவெச்சது வேண்டாத வேலை, அந்த மாதிரி ஜீன் மார்க்கெட்டுக்கே வரக்கூடாதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2004லயே சொல்லிடுச்சு. மார்க்கர் இல்லாமலே பயிர் பண்ண முடியும்போது அதைக் கேக்கறதுல தப்பே இல்ல.

ஆனா மருந்து கேக்காத பாக்டீரியாவைப் பெருக்கறது இஷ்டத்துக்குப் போடற மாத்திரைதான். அதனால மிச்சம் வெச்ச மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்குப் போடாதீங்க, பக்கத்து வீட்டுக்குக் குடுக்காதீங்க, சீட்டு இல்லாம மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் கேக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

கிளம்பும்போது "அப்ப பருத்திப்பால் குடிக்கலாமா?"ன்னார். தாராளமா குடிங்க, அந்த சிப்ரோ அட்டையை மட்டும் இங்க குடுத்துட்டுப் போங்கன்னேன்.