முன்பு ஒத்துக்கொண்ட வலி மாத்திரை இப்போது மூச்சை அடைக்கலாம்

இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். பல் பிடுங்கிய வலிக்கு மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, நெஞ்சு இறுகி, பேச முடியாத நிலையில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வென்டிலேட்டர் வரை போய்ப் பிழைத்தார். வயது நாற்பதுக்குள்தான். ஆஸ்துமா உண்டு, மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன் செய்து அது மறுபடியும் வளர்ந்திருக்கிறது, வாசனை தெரிந்து வருடக்கணக்காகிறது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் இறுதியாண்டு மருத்துவ மாணவர்கூட வலி மாத்திரையில் கவனம் தேவை என்று சொல்லிவிடுவார். இவரிடம் யாரும் சொல்லவில்லை. தடித்த ஃபைல் ஒன்று வைத்திருக்கிறார், அதிலும் ஒரு வரி இல்லை.

நினைவு திரும்பியதும் அவர் சொன்னது, இப்படி வருகிற எல்லோரும் சொல்வதுதான்: "சார், அந்த மாத்திரையை முன்னாடி எத்தனையோ தடவை போட்டிருக்கேன். ஒண்ணும் ஆனதில்லையே!"

நுரையீரல் மருத்துவராக இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இதனால்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப மாட்டுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்பிரின் ஒவ்வாமையுள்ள ஆஸ்துமா பிறவியில் வருவதில்லை. பெரும்பாலும் 20 வயதுக்கு மேல், 30களில், 40களில் புதிதாக முளைக்கிறது. அதுவரை தலைவலிக்கு டிஸ்பிரின், முதுகுவலிக்கு வோவெரான், மாதவிலக்கு வலிக்கு மெஃப்டால் என்று எதைப் போட்டாலும் உடம்பு ஏற்றுக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு சளி பிடிக்கும், அது போகவே போகாது. மூக்கு அடைத்தபடியே இருக்கும். சாம்பார் கொதிக்கிற வாசனை தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு மூக்கில் சதை என்பார். சில மாதங்களிலோ சில வருடங்களிலோ வீசிங் தொடங்கும். அதற்குப் பிறகு ஒரு நாள், பழகிய அதே மாத்திரை நெஞ்சை இறுக்கும். நோயின் வழக்கமான போக்கே இதுதான். பத்து வருடம் முன்பு ஒத்துக்கொண்டது என்பது அன்றைய உடம்பைப் பற்றிய செய்தி. இன்றைய உடம்புக்கு அது உத்தரவாதம் இல்லை.

"போன மாசம்கூடப் போட்டேனே" என்பவர்களும் உண்டு. போன மாதம் அவர் வேறு காரணத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். அல்லது மெடிக்கலில் பொட்டலமாகக் கட்டித் தரும் செட் மாத்திரையாக இருந்திருக்கலாம். அதில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் பல நேரம் இருக்கும், அதனால் எதிர்வினை மட்டுப்பட்டிருக்கும். கம்பெனி மாறியதால் வந்தது என்பதும், வெறும் வயிற்றில் போட்டதால் வந்தது என்பதும் தவறு. கையில் ஊசி போட்டுப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் இதைக் காட்டாது. ரத்தப் பரிசோதனையும் காட்டாது. வழக்கமான அலர்ஜியின் பாதையில் இது வருவதில்லை. அதனால் அலர்ஜி டெஸ்ட் நார்மல் என்ற காகிதத்தை நம்பி மாத்திரை போடாதீர்கள். சந்தேகம் இருந்தால், மருத்துவமனையில் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பிரின் கொடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

எல்லா ஆஸ்துமாக்காரர்களும் பயப்பட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் 100 பேருக்குச் சுமார் 7 பேருக்கு இது இருக்கிறது. கடுமையான ஆஸ்துமா என்றால் 15 பேர் வரை. மூக்கில் சதையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்க வேண்டும். மாத்திரை போட்டால் உடம்பில் தடிப்பும் முகவீக்கமும் மட்டும் வருகிறவர்களின் கதை வேறு. இங்கே சொல்வதை அவர்கள் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

பெயரில் ஆஸ்பிரின் இருக்கிறது என்பதற்காக ஆஸ்பிரினை மட்டும் ஒதுக்கினால் போதாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட், நாப்ராக்சன், கெட்டோரோலாக் எல்லாமே ஒரே வேலையைச் செய்பவை. காம்பிஃப்லாமைக் காய்ச்சல் மாத்திரை என்று நினைக்கிறார்கள், அதில் இபுப்ரோஃபென் இருக்கிறது. ஸீரோடால் பி அட்டையில் பாராசிட்டமால் என்ற பெயரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போடுகிறார்கள், கூடவே அசிக்ளோஃபெனாக் இருப்பதைப் பார்ப்பதில்லை. இடுப்பில் போடும் வலி ஊசி இன்னும் வேகமாகத் தாக்கும். கண்புரை ஆபரேஷனுக்குப் பின் எழுதித் தரும் சில சொட்டு மருந்துகளிலும் கெட்டோரோலாக் உண்டு, அந்தச் சொட்டே வீசிங்கைக் கிளப்பிவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, வலி வந்தால் என்ன செய்வது? பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை தராது. ஒரே வேளையில் 1000 போட்டால் சிலருக்கு லேசாக மூச்சு இளைக்கும், எனவே இரண்டாகப் போடாதீர்கள். எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் போன்ற வேறு வகை வலி மாத்திரைகள் அநேகமாக ஒத்துக்கொள்ளும், ஆனால் முதல் வேளையை மருத்துவர் முன்னிலையில் போட்டுப் பார்த்துவிடுங்கள். பத்தியம் பற்றி நிறையக் கேட்கிறார்கள். தக்காளியை விட வேண்டுமா, மசாலாவை விட வேண்டுமா என்று. இந்த நோய்க்கு உணவு பெரிய எதிரி இல்லை, மாத்திரைதான் எதிரி. மது மட்டும் விதிவிலக்கு. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஒரு பெக்கிலேயே மூக்கு அடைக்கும், சிலருக்கு நெஞ்சும் இறுகும். என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன்.

இனி, தாங்குதிறன் சிகிச்சை, அதாவது ஆஸ்பிரினையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. "சாப்பிடக் கூடாதுன்னு சொன்ன நீங்களே தினமும் ஆஸ்பிரின் சாப்பிடச் சொல்றீங்களே" என்று முதலில் குழம்பாதவர் இல்லை. இதொன்றும் புதுமை இல்லை. நம் ஊரில் டைஃபாய்டு என்றதும் எடுக்கச் சொல்வார்களே விடால் டெஸ்ட், அதே ஃபெர்னாந்த் விடால்தான் 1922இல் பிரான்சில் இந்த நோயை விவரித்து, ஆஸ்பிரினைச் சிறிது சிறிதாகக் கொடுத்து ஒரு நோயாளியைப் பழக்கியும் காட்டினார். 1980 வாக்கில் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் மருத்துவமனையில் டொனால்ட் ஸ்டீவன்சன் குழுவினர் இதை முறையான சிகிச்சையாக வளர்த்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் நம் நோயாளிகளில் பலர் இப்படியொரு வழி இருப்பதையே கேள்விப்படவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

செய்வது இப்படி. ஆஸ்துமா நன்றாகக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் நுரையீரலின் திறன் 70 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் தொடங்கவே மாட்டோம். மூக்கில் சதை நிறைய இருந்தால் முதலில் ஆபரேஷன், மூன்று நான்கு வாரம் கழித்து இது. ஆஸ்பிரின் ஏற்கெனவே இருக்கும் சதையைக் கரைப்பதைவிட, மறுபடி வளர்வதைத் தள்ளிப்போடுவதில்தான் கெட்டி. மூச்சுக்குழாய் இறுகுவதை மட்டுப்படுத்தும் மான்டிலுகாஸ்ட் மாத்திரை கொடுத்து, நரம்பில் ஊசி வழி போட்டு, 20 அல்லது 40 மில்லிகிராமில் ஆரம்பிப்போம். ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு ஏறும். ஒவ்வொன்றுக்கும் முன் ஊதிப் பார்ப்போம். பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் மூக்கு ஒழுகும், நெஞ்சு இறுகும். எதிர்பார்ப்பதுதான், அதற்குத்தான் நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம். சரிசெய்துவிட்டு அதே அளவைத் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இப்படியே 325 மில்லிகிராம் வரை போய்ச் சேர ஓரிரு நாள் ஆகும்.

அதன் பிறகு தினமும் ஆஸ்பிரின். வழக்கமாக 650 மில்லிகிராம் இரண்டு வேளை, சில மாதம் கழித்து நன்றாக இருந்தால் 325 இரண்டு வேளை. வாரங்களில் சிலருக்கு வாசனை திரும்பும். ரசத்தின் வாசனை தெரிந்தது என்று ஒருவர் போன் செய்து அழுதிருக்கிறார். ஸ்டீராய்டு மாத்திரையின் தேவை குறையும், அடுத்த மூக்கு ஆபரேஷன் வருடக்கணக்கில் தள்ளிப்போகும். எல்லோருக்கும் இந்தப் பலன் கிடைப்பதில்லை. ஆறு மாதம் முயன்றும் பலன் இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்போம். டுப்பிலுமாப் போன்ற புதிய ஊசிகள் இருக்கின்றன, நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் மாதாமாதம் அந்தச் செலவு எத்தனை குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்? அதோடு ஒப்பிட்டால் ஆஸ்பிரின் சில்லறைக் காசு.

விலை மலிவு என்றதும் சிலர் செய்கிற காரியம்தான் வயிற்றைக் கலக்குகிறது. வீடியோ பார்த்துவிட்டு, டிஸ்பிரினைக் கால் பாகமாக உடைத்து வீட்டிலேயே ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதல் நாள் இரவு ஒன்றும் ஆகாமல் போகலாம், அந்தத் தைரியத்தில் மறுநாள் அளவை ஏற்றுவீர்கள். மோசமான எதிர்வினை வரும்போது வீட்டில் இருப்பது ஓர் இன்ஹேலர் மட்டும். அது போதாது.

இன்னொன்று, மாத்திரையை விட்டுவிடுவது. இந்தத் தாங்குதிறன் அன்றாடம் ஆஸ்பிரின் உள்ளே போகும்வரைதான் இருக்கும். ஒரு நாள் மறந்தால் பரவாயில்லை. 48 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் நீங்களாகப் போட்டுத் தொடராதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். மறுபடி மருத்துவமனையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். ஊருக்குப் போகும்போது பையில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஆபரேஷனானாலும் தேதி குறித்தவுடன் சொல்லுங்கள். ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னால் நீங்களே நிறுத்திவிட வேண்டாம், அறுவை மருத்துவரும் நாங்களும் பேசி முடிவு செய்கிறோம். கர்ப்பம் திட்டமிடுபவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், ரத்தக்கசிவுப் பிரச்சினை உள்ளவர்கள் இந்தச் சிகிச்சைக்கு வர வேண்டாம். மற்றவர்களுக்கும் வயிற்றெரிச்சல் வரலாம், அதற்கு மாத்திரை சேர்த்துத் தருவோம். மலம் கறுப்பாகப் போனால் அன்றே வந்துவிடுங்கள்.

இருதயத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டியவருக்கு இந்த ஒவ்வாமை இருந்தால், ஆஸ்பிரின் தர முடியாதே என்று கைவிட்டுவிடத் தேவையில்லை. இதே முறையில் அவர்களையும் பழக்கலாம். இருதய மருத்துவரிடம் கேளுங்கள்.

தெரியாமல் வலி மாத்திரை போட்டுவிட்டு மூக்கு ஒழுக ஆரம்பித்தால், சளி என்று ஆவி பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மோசமாகும். சால்பியூட்டமால் இன்ஹேலரை இழுத்துக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

பல் மருத்துவர்களுக்கும், எலும்பு மருத்துவர்களுக்கும், மெடிக்கலில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வலி மாத்திரை கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீசிங் உண்டா, மூக்கில் சதை உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து எங்களிடம் அனுப்பிவையுங்கள். நோயாளிகளே, அவர்கள் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயரை எழுதி, ஆதார் அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடக்கும்போது உங்கள் பையைத் திறப்பவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான்.