நாட்பட்ட சிறுநீரக நோய்: கிணற்றைச் சந்தேகிப்பவர்கள் பார்க்கத் தவறும் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரியவந்ததும், உறவினர்கள் முதலில் கேட்பது வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித்தான். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பை உதாரணம் காட்டி, "உதுதானே டொக்டர் கிட்னியிலையும் படியிறது?" என்று கேட்பவர்களைக் கிளினிக்கில் அடிக்கடி சந்திக்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் விலை உயர்ந்த நீர் வடிகட்டி பூட்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நிம்மதியாக இருப்பவரின் கிளினிக் கொப்பியைத் திறந்தால், பல மாதங்களாகக் குருதி அமுக்கம் 160/100க்குக் கீழே இறங்காமல் நிற்கிறது. அந்த எண்ணைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

தண்ணீர் மீதான இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததன்று. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் விவசாயக் கிராமங்களில், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாத, பெரும்பாலும் நடுத்தர வயதுடைய உழைப்பாளிகள் கூட்டம் கூட்டமாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு உள்ளானார்கள். காரணம் உறுதிப்படுத்தப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவம் அதற்குப் பெயர் வைத்தது. வட மாகாணத்திலும் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகள் இந்த நோயின் எல்லைக்குள் வருகின்றன. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், நிக்கரகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் காணப்படுகிறது. நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனங்கள், கொளுத்தும் வெயிலில் நீரிழந்தபடி செய்யும் கடும் உழைப்பு என்று பல காரணிகள் ஆராயப்பட்டிருக்கின்றன. தனியொரு காரணம் என்று எதையும் அறிவியல் இன்றுவரை நிறுவவில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தின் நிலத்தடி வேறு. வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் கீழே இருப்பது பழைமையான கடும்பாறை. குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். எங்கள் கிணற்று நீர் தலைமுறைகளாகக் கடின நீர்தான். அப்படியிருந்தும் அநுராதபுரத்தில் கண்டது போன்ற பரவல் இங்கே ஏற்படவில்லை. ஆகவே கேத்தலில் படியும் சுண்ணாம்பைக் கொண்டு சிறுநீரகத்தின் நிலையைக் கணிக்க முடியாது. குடாநாட்டு நீருக்கு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. உரப் பாவனையாலும் மலசலகூடக் குழிகளாலும் கலக்கும் நைத்திரேற்று அவற்றில் முக்கியமானது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது என்பதால் கிணற்று நீரைப் பரிசோதிப்பது நல்ல காரியமே. என் ஆட்சேபம் நீர்ப் பரிசோதனை குறித்ததன்று. வடிகட்டி பூட்டிய கையோடு பிறசரையும் சீனியையும் மறந்துவிடுவது குறித்தது.

இந்தப் பிராந்தியம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால் நோயின் பரிமாணம் விளங்கும். 2017ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 700 மில்லியன் பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு, நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 115 மில்லியன் பேர் இந்தியாவில் வாழ்ந்தவர்கள். அதே ஆண்டில் 12 இலட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். இந்தியாவின் பல நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, பரிசோதிக்கப்பட்டவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருப்பதாகக் கூறியது. தெற்காசிய நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த மீளாய்வில் நேபாளத்துக்கு 10.6 சதவீதமும் பாகிஸ்தானுக்கு 23.3 சதவீதமும் காணப்பட்டன.

அயல்நாடுகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு ஏன் என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நோயின் வரைவிலக்கணப்படி, சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் குறைவாகவோ, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் அளவுக்கு மிஞ்சியோ, மூன்று மாதங்களுக்கு மேலாக இருந்தால்தான் அது 'நாட்பட்ட' நோய். கள ஆய்வுகள் பலவும் ஒருவரை ஒரே ஒரு முறைதான் பரிசோதிக்கின்றன. அன்று காய்ச்சலோடோ, நீரிழந்த நிலையிலோ வந்தவரும் நோயாளியாகக் கணக்கில் ஏறிவிடுவார். எந்தச் சூத்திரத்தால் வேகத்தைக் கணித்தார்கள், எந்த வயதினரைச் சேர்த்தார்கள், நகரமா கிராமமா என்பவையும் எண்ணை ஏற்றி இறக்கும். மேலே சொன்ன இந்திய ஆய்விலும் மூன்றாம் நிலையையோ (வடிகட்டும் வேகம் 60க்குக் கீழே இறங்கிய நிலை) அதற்கும் மேலான நிலையையோ அடைந்தவர்கள் ஏறத்தாழ 6 சதவீதத்தினரே. மற்றவர்கள் தொடக்க நிலையில் இருந்தவர்கள். இத்தனை கழிவுகளைக் கழித்த பின்னரும், தெற்காசியாவின் வயதுவந்தவர்களில் பத்தில் ஒருவர் என்பது மிகைப்பட்ட மதிப்பீடு ஆகாது.

தொடக்க நிலையில் இருப்பவர்கள் அதிகம் என்பதை நான் ஆறுதலாகவும் பார்க்கிறேன், எச்சரிக்கையாகவும் பார்க்கிறேன். அந்த நிலையில் நோயின் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் அந்த நிலையில் உடம்பு எதுவும் சொல்லாது. கால் வீக்கம், ஓங்காளம், சாப்பாட்டில் மனமின்மை, மூச்சு முட்டு எல்லாம் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போன பின்னர்தான் வரும்.

இலங்கையில் 2005–06 காலப்பகுதியில் வயதுவந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவாளர் என்று கணிக்கப்பட்டது. 2018–19இல் நாடு தழுவிய ஆய்வொன்று அதை 23 சதவீதம் என்று கண்டது. நீரிழிவுள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் காலப்போக்கில் சிறுநீரகப் பாதிப்பு வரக்கூடும் என்பதையும், இளையவர்கள் புலம்பெயர்ந்து முதியவர்கள் அதிகமாக எஞ்சியிருக்கும் சமூகம் எங்களுடையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் கிளினிக்குகளில் காணும் சிறுநீரக நோயாளிகளில் பெரும்பான்மையோர் ஏன் சீனி, பிறசர் வருத்தக்காரர்களாக இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இவர்களிடம் நான் அதிகமாகக் கேட்கும் வாக்கியம், "பிறசர்க் குளிசை போட்டால் கிட்னி பழுதாகுமாம், அதுதான் விட்டிட்டன்" என்பது. இதைவிடத் தலைகீழான நம்பிக்கை வேறில்லை. கட்டுப்படாத குருதி அமுக்கமே சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைச் சிதைக்கிறது. லொசாட்டன் போன்ற குளிசைகள் அந்த வடிகட்டிகளுக்குள் இருக்கும் அமுக்கத்தைக் குறைத்து, புரதம் கசிவதைத் தடுக்கின்றன. அவற்றைத் தொடங்கிய முதல் வாரங்களில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினின் குருதியில் சற்று ஏறலாம். முப்பது சதவீதம் வரையான ஏற்றத்தை வைத்தியர்கள் எதிர்பார்த்தே இருப்பார்கள். அந்த ஒரு ரிப்போட்டைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நீரிழிவுக்கென்று வந்த டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் ஆகிய குளிசைகள், நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளிலும் நோயின் வேகத்தைக் குறைப்பதாக 2020இலிருந்து வெளியான பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருந்துக்குப் பயப்படும் அதே நபர் நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் குளிசைக்குப் பயப்படுவதில்லை. கடதாசி உறைக்குள் மூன்று நான்கு நிறங்களில் போட்டுக் கொடுப்பார்கள், பெயர் எழுதியிராது. பெரும்பாலும் அதில் ஒன்று, சிறுநீரகத்துக்கான குருதியோட்டத்தைக் குறைக்கும் நோவு மருந்தான டைக்குளோபெனாக்காகவோ ஐபுபுரூபனாகவோ இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நாள் முழுக்க வெங்காயத் தறையில் நின்றுவிட்டு, குடித்த தண்ணீரும் போதாமல், இரவில் அந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு படுப்பவரின் சிறுநீரகத்துக்குக் குருதியோட்டம் இரண்டு வழியாலும் குறைகிறது. சீவல் தொழிலாளர்களுக்கும் கடற்றொழிலாளர்களுக்கும் இதே நிலைதான். நோவுக்கு பனடோல், அதுவும் அளவோடு, பாதுகாப்பானது. இன்ன செடியின் சாறு கிட்னியைக் கழுவும் என்று யாரோ கைபேசியில் அனுப்பியதை நம்பி நாட்கணக்கில் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். விளிம்பிக்காய்ச் சாறு போன்ற ஒட்சலேற்று மிகுந்தவற்றைப் பெருமளவில் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

பரிசோதனை பற்றி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வுகூட ரிப்போட்டில் கிரியேற்றினின் 1.1 மில்லிகிராம் என்று இருந்து, அருகில் தடித்த எழுத்து எதுவும் இல்லையென்றால் 'நோர்மல்' என்று கொப்பியை மூடிவிடுகிறார்கள். முப்பது வயது ஆணொருவருக்கு அந்த 1.1 என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 93 மில்லிலீற்றர் வடிகட்டும் வேகம். எழுபது வயது அம்மா ஒருவருக்கு அதே 1.1 என்பது ஏறத்தாழ 54. அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அவருக்கு மூன்றாம் நிலை நோய் இருக்கிறது. ஆகவே கிரியேற்றினினை மட்டும் கேட்காமல், வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணித்த வடிகட்டும் வேகத்தையும் வைத்தியரிடம் கேளுங்கள். சில ஆய்வுகூடங்கள் அதையும் அச்சிட்டே தருகின்றன.

அடுத்தது சிறுநீர். தாள் கீற்றை நனைத்து நிறம் பார்க்கும் பரிசோதனை பெரிய கசிவைத்தான் காட்டும். தொடக்கக் கசிவைப் பிடிக்க, சிறுநீரின் அல்புமினுக்கும் கிரியேற்றினினுக்குமான விகிதத்தை அளக்க வேண்டும். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது கவனிக்க வேண்டிய எண். கிளினிக் கொப்பிகளில் சீனிக்கான நிரல் மாதந்தோறும் நிறைந்திருக்க, இந்த ஒரு பரிசோதனை மட்டும் ஆண்டுக்கணக்கில் இல்லாமல் இருப்பதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். நோயாளியின் அசிரத்தை என்று அதை முழுவதும் தள்ளிவிட முடியாது; எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர்கள், பெற்றோர் அல்லது சகோதரர் ஒருவர் குருதிச் சுத்திகரிப்பில் இருப்பவர்கள், முன்னர் சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆகியோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த இரண்டு பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. காலையில் கழிக்கும் முதற் சிறுநீர் சிறந்தது. காய்ச்சல் உள்ள நாளிலும், மாதவிடாய் நாட்களிலும், கடும் உடலுழைப்புக்கு மறுநாளும் சிறுநீர் மாதிரி கொடுப்பதைத் தவிர்க்கவும். முடிவு கூடுதலாக வந்தால் மூன்று மாதங்களுக்குள் இன்னும் இரண்டு முறை செய்வார்கள். அந்த மூன்று முடிவுகளில் குறைந்தது இரண்டு கூடியிருந்தால் அது கசிவு என்று உறுதியாகும்.